கை நனைக்கப் போன வயிறு

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தங்கம் கிடைக்கும் என்று நினைத்திருப்பார், பாவம். உள்ளே அரிசி நூடுல்ஸ் பன்னிரண்டு பாக்கெட், ஒரு கிலோ அவல், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், வயிற்றைக் கிளறாத தனி ரகப் பால்பொடி. எந்த ஊர் என்று கேட்டார். புதுக்கோட்டை என்றேன். "சிங்கப்பூர்ல இருந்து புதுக்கோட்டைக்கு அரிசியும் அவலும் கொண்டு போறீங்களா?" என்றார். மனைவி கட்டிக் கொடுத்தது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். கட்டியது நான்தான்; அன்றைய தினத்தின் முதல் பொய் அது.

எனக்கு எரிச்சல் குடல் நோய் இருக்கிறது. ஒன்பது வருஷமாக. உயிரை எடுக்காது, ஸ்கேனில் தெரியாது, இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் எப்போது வயிறு முறுக்கும், எப்போது ஓட வேண்டியிருக்கும் என்று எனக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் எந்த ரயில் நிலையத்தில் கழிவறை டிக்கெட் தடுப்புக்கு உள்ளே இருக்கிறது, எதில் வெளியே இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். இதை மனைவி ஒருத்தியைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை.

கீரனூருக்கு முன்னால் டாக்ஸி டயர் வெடித்தது. ஓட்டுநர் டிக்கியைத் திறந்து பார்த்து, ஸ்டெப்னியிலும் காற்று இல்லை என்று நிதானமாகச் சொன்னார். அவர் சக்கரத்தோடு ஒரு டிவிஎஸ் வண்டியில் ஏறிப் போய்விட, நான் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தேன். சிங்கப்பூரில் என் அடுத்த வீட்டுக்காரரை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும், இன்றுவரை தலையாட்டல்தான். இந்த டீக்கடை அம்மாள் ஐந்து நிமிடத்தில் என் ஊர், தொழில், பிள்ளைகள், வந்த காரணம், ஏன் இவ்வளவு ஒல்லி என்பது வரை வந்துவிட்டார். டீ வேண்டாம் என்றேன். வடையும் வேண்டாம் என்றேன். "காசு வேணாம், சும்மா சாப்புடுங்க" என்று அவர் சொன்னபோதுதான் நான் அவரைப் புண்படுத்திவிட்டேன் என்று புரிந்தது. இப்போதுதான் சாப்பிட்டேன் என்று இரண்டாவது பொய்யைச் சொன்னேன்.

புதுக்கோட்டையில் அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சிங்கப்பூரு போயி எளைச்சுப் போன ஒரே ஆளு நீதான்டா" என்றாள். எலும்புக் குழம்பு அடுப்பில் இருந்தது. தம்பிக்கென்று ஊர் இனிப்பான முட்டை மாஸும் வாங்கி வைத்திருந்தாள். நான் மூன்றாவது பொய்யைச் சொன்னேன், அதுதான் பெரிய பொய். எனக்குச் சுகர் என்றேன்.

ஏன் சுகர் என்று கேட்டால், அது கௌரவமான நோய். யாரும் முகம் சுளிப்பதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்பார்கள், தங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அதைவிட அக்கறையாகச் சொல்வார்கள். இதய நோய் அதைவிட ஒரு படி மேல். இந்த வரிசையில் குடலுக்கு இடமே கிடையாது. அக்கா ஒரு நிமிடம் கண் கலங்கினாள், பிறகு முட்டை மாஸை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். நான் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில்தான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். நான் வந்தது அக்கா மகள் ஜெனியின் கல்யாணப் பேச்சுக்காக. அத்தான் இறந்து நாலு வருஷமாகிறது. ஜெனி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே பள்ளியில் அறிவியல் எடுக்கும் அருளை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனுக்கு ஆவூர்ப் பக்கம். அவர்களும் நம்மைப் போலக் கத்தோலிக்கர்தான். இது வரைக்கும் எனக்குப் போனிலேயே தெரியும். போனில் சொல்லாததை அக்கா இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஒரே சாமி, ஒரே பூசை, ஆனால் சாதி வேறு. எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் இரண்டு வரிசை உண்டு; அவர்கள் இரண்டாவது வரிசைக்காரர்கள்.

அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. அத்தானின் அண்ணன் ராயப்பன் மச்சானுக்கு இருந்தது. அவர் நேரடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க எல்லோரோடும் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் அங்கே கை நனைப்பாரா என்பதுதான் கேள்வி.

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. சம்மதம் இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அந்த வீட்டுக்குத்தான். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் முதலில் சாப்பிட வேண்டும். அதாவது நான்.

அன்று சாயங்காலம் ஜெனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளை. "மாமா, நாளைக்கு நீங்க மொதல்ல சாப்புட்ருங்க. நீங்க கை வச்சுட்டா பெரியப்பா வச்சே ஆகணும். நீங்க வைக்கலைன்னா அவருக்கு அதுவே போதும்" என்றாள். சாப்பிடுவதற்கென்ன, அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று சிரித்தேன். சிரிக்கும்போதே வயிற்றில் முதல் முறுக்கல் தொடங்கிவிட்டது.

சிங்கப்பூரில் என் உணவு ஆலோசகர் ஒரு சீனப் பெண்மணி. என் மகள் வயதிருக்கும். போன வருஷம் அவர் எனக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்த வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகிறது, எது ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். நான் முதல் பாதியைச் சிரத்தையாகச் செய்தேன். இரண்டாம் பாதியைத் தொடவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது அவர் என் உணவுக் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "குடலும் மூளையும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் குடல் இப்போது ஓரளவு சமாதானமாகத்தான் இருக்கிறது. பயந்துபோயிருப்பது நீங்கள். மனநல ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள்." எனக்கென்ன பைத்தியமா என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்பது வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை நண்பர்கள், எத்தனை பிறந்தநாள் என்று ஒவ்வொன்றாக நானே நிறுத்திக்கொண்டிருந்தேன். உணவுப் பட்டியலைவிட அந்தப் பட்டியல்தான் நீளம்.

மூன்றாம் நாள் காலை வேனில் பதினான்கு பேர். நான் பச்சைத் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டு ஏறினேன். இலுப்பூர் தாண்டியதும் வயிறு பேச ஆரம்பித்தது. கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். சுற்று வழி என்று ஓட்டுநர் முனகினார். "அவனுக்குச் சரித்திரப் பைத்தியம், விடுங்க" என்றாள் அக்கா. எங்கள் குடும்பத்தில் எனக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. முன்பு வந்தபோது குன்றாண்டார்கோவில் குடைவரையில் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறேன். நான் எப்போதும் பழைய கோயில்களாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் வேறு. காவலாளி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கழிவறையும் இருக்கும். சந்தேகம் வரக்கூடாதே என்று சரித்திரமும் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

காவலாளியிடம் கேட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய் வந்தேன். பிறகு மூன்றாவது கோயில் நின்ற இடத்தில் மிஞ்சியிருக்கும் அடித்தளத்தின் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து, சீனப் பெண்மணி சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன். ராயப்பன் மச்சான் வந்து பக்கத்தில் நின்றார். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் கிடையாது. "மாப்ள, ஒன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுது. நேத்துலேருந்து மொகமே சரியில்ல. நீ எப்படிச் செய்றியோ அப்படியே நானும் செஞ்சுர்றேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்தேன். அதையும் அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று பிற்பாடுதான் உறைத்தது.

அருள் வீடு ஒரு புன்செய்க் கொல்லைக்கு நடுவில் இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அருளின் அப்பா விவசாயி, அதிகம் பேசாதவர். எல்லோருக்கும் தானே தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் பெயர் ஆரோக்கியமேரி. கொலுசு இல்லை, நகை என்று கழுத்தில் ஒன்றுதான். ஆனால் குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்கிய அந்த வாசனையில் ஒரு கணம் எனக்கு நாக்கு ஊறியது, மறுகணம் அடிவயிறு இறுகியது.

செபம் சொல்லி எல்லோரும் உட்கார்ந்தோம். என் இலையில் சோறு வரவில்லை. அதற்குப் பதிலாகச் சப்பாத்தி வந்தது. மெல்லிசாக, நெய் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக நாலு. பக்கத்தில் வெங்காயம் மிதக்கும் கொண்டைக்கடலைக் குருமா. "ஒங்களுக்குச் சுகருன்னு அக்கா போன்ல சொன்னாங்க சார். சோறு ஆகாதேன்னு தனியாப் போட்டேன்" என்றார் ஆரோக்கியமேரி. அவர்கள் வீட்டில் சப்பாத்தி வழக்கமில்லையாம். பக்கத்து வீட்டில் கட்டை வாங்கி, பையனின் போனில் வீடியோ பார்த்துச் செய்தாராம். கோதுமை, வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை. என் பட்டியலில் தடை செய்யப்பட்டவை அத்தனையும் ஒரே இலையில், எனக்காகவே, அன்போடு.

கையைக் கொண்டுபோனேன். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் ஆட்கள், பின்பக்கம் பந்தி. எழுந்து ஓட வேண்டி வந்தால் எந்த வழியாக ஓடுவது என்று கண் தானாகத் தேடியது. வயிறு ஒரு முறை சுருட்டிப் பிடித்தது. கையை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஆகட்டும், நீங்கள் சாப்பிடுங்கள் என்று ஏதோ உளறினேன்.

ராயப்பன் மச்சான் சோற்றில் வைக்கப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மாப்ள சாப்புடலையாம். அப்பறம் நமக்கென்ன" என்றார், ரொம்பப் பணிவாக. அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் கையை எடுத்தார். அதற்கு அடுத்தவரும் எடுத்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

ஆரோக்கியமேரி குழம்பு வாளியோடு என் முன்னால் நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. "பரவால்ல சார். எங்க வீட்டுல தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போனவுங்க நெறையப் பேரு இருக்காங்க. டீச்சரம்மாகிட்ட மட்டும் நாங்க ஒண்ணும் கொறை வைக்கலைன்னு சொல்லிருங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, என் வயிறு என்ன சொல்லிவிட்டது என்று. நான் வாயால் ஒருநாளும் சொல்லியிருக்காத, மனதாலும் நினைத்திராத ஒன்றை என் கை அந்த இலையின் மேல் சொல்லியிருந்தது. வெட்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். தெரியவில்லை. இதுதான் வெட்கம்.

"எனக்குச் சுகர் இல்லைங்கக்கா" என்றேன் ஆரோக்கியமேரியிடம். "எனக்குக் குடல்ல வியாதி. எதையாச்சும் சாப்புட்டா ஓட வேண்டியிருக்கும். சாப்புடலைன்னாலும் பயத்துலயே ஓட வேண்டியிருக்கும். இப்பகூட முடியல. அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் சுகருன்னு பொய் சொன்னேன். ஒங்க வீட்டுச் சோத்துல ஒரு கொறையும் இல்ல. எனக்கு இங்க சாப்புடணும்."

ஆரோக்கியமேரி குழம்பு வாளியைக் கீழே வைத்தார். "இதுக்கா இம்புட்டு? பாத்ரூம் அங்கிட்டு, வேப்பமரத்துப் பக்கத்துல இருக்கு. வாளியில தண்ணி ரொப்பி வச்சிருக்கேன். போயிட்டு வாங்க தம்பி, எலை எங்கேயும் போயிறாது" என்றார்.

இருபது பேர் பார்க்க எழுந்து போனேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நடை நடந்ததில்லை. திரும்பி வரும்போது பந்தியில் பேச்சு களைகட்டியிருந்தது, எல்லாம் வயிற்றைப் பற்றி. அருளின் சித்தப்பா ஒருவர் தனக்கும் அப்படித்தான் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்: "வெள்ளிக்கெழம கோர்ட்டுக்குப் போகணும்னா எனக்கு வியாழக்கெழமையே ஆரம்பிச்சுரும். தீர்ப்பு வந்த அன்னைக்கு நின்னுச்சு பாருங்க." எங்கள் வேன் ஓட்டுநர் மாத்திரை பெயர் சொன்னார். வேறொரு அம்மாள் தன் தம்பி இதனாலேயே பட்டாளத்தில் சேராமல் திரும்பி வந்த கதையைச் சொன்னார். ஒன்பது வருஷமாக நான் தனியாகக் காவல் காத்த ரகசியம், பார்த்தால், ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருந்திருக்கிறது.

ஆரோக்கியமேரி என்னை அடுப்படிக்கே கூப்பிட்டு எது ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெறும் சோறு ஆகும். தக்காளி ஆகும், சீரகம் ஆகும். வெங்காயமும் பூண்டும் போடாமல் கோழியை மிளகில் வறுத்தால் ஆகுமா என்றார். தெரியவில்லை, சாப்பிட்டுப் பல வருஷமாகிறது என்றேன். அப்படியானால் ஒரு துண்டு மட்டும் வைத்துப் பார்ப்போம் என்றார். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று சீனப் பெண்மணி ஒரு வருஷமாகச் சொல்லிவந்ததை இவர் முக்கால் மணி நேரத்தில் ஆரம்பித்துவைத்துவிட்டார்.

அதுவரை பந்தியில் யாரும் எழவில்லை. நிறையப் பசியோடு எனக்காகக் காத்திருந்தார்கள். இலைக்குத் திரும்பி, புதிதாக வைத்த சோற்றைப் பிசைந்து முதல் கவளம் எடுத்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது நாலாவது பொய். பயம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, நான் அதோடு சேர்ந்து சாப்பிட்டேன். ராயப்பன் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்கிறபடியே செய்வதாகச் சொன்னவர் அவர்தானே. "மச்சான், கொழம்பு ஆறுது" என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுச் சோற்றில் கை வைத்தார். இரண்டாவது தடவை கறி கேட்டு வாங்கினார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அக்கா சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். திரும்பும் வழியில் வேனில் என் தோளில் ஓர் அடி போட்டு, ஒன்பது வருஷமாகத் தன்னிடம் சொல்ல என்ன கேடு என்று கேட்டாள். பிறகு, அப்படியானால் மூவர் கோயில் என்று இழுத்தாள். அதுவும்தான் என்றேன். குன்றாண்டார்கோவில்? அதுவும்தான். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. வீட்டு வாசலில் ஜெனி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வலது கையை அவள் முன்னால் நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள், மிளகு வாசனை இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

நாலாம் நாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அரிசி நூடுல்ஸில் பாதி அப்படியே இருந்தது. ஊருக்குப் போனதும் மனநல ஆலோசகரிடம் நேரம் கேட்க வேண்டும் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அக்கா போனைக் கொண்டுவந்து நீட்டினாள், ஆவூர்ப் பக்கத்திலிருந்து. கல்யாணத் தேதி பற்றிப் பேசப்போகிறார்கள் என்று நினைத்து, கோயிலில் கல்யாண ஓலை எழுதும் விஷயமா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் தம்பி. வயிறு எப்படி இருக்கு?" என்றார் ஆரோக்கியமேரி.

ஒன்பது வருஷத்தில் மனைவியையும் மருத்துவர்களையும் தவிர என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் பழக்கத்தில் திறந்தது. அடக்கிக்கொண்டேன்.

"மூணு தடவ போனேங்கக்கா" என்றேன்.



"அப்ப மொளகு கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சு" என்றார். "கல்யாணச் சாப்பாட்டுல ஒங்களுக்குப் பாதியாக் கொறைச்சுக்குவோம், சம்பந்தி."